ஏகாம்பரம் மூன்று முறை இறங்கினார்

கோவளத்தில் மகள் வீட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை இரும்புலியூர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கையில் கருவாட்டுப் பை. எழுத்துக் கற்றுக்கொண்ட இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சுவரில் எது இருந்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகருவேன். வீடு வாடகைக்கு, இட்லி மாவு கிடைக்கும், இங்கே குப்பை கொட்டாதே, எல்லாமே எனக்கென்று யாரோ எழுதிப் போட்ட கடிதம் மாதிரி இருக்கும். அன்று மதில் சுவரில் கறுப்புக் கரை போட்ட சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்பதை ஒரே பார்வையில் படித்தேன். அடிக்கடி பார்க்கிற சொல். கீழே பெயர். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'கனகவல்லி' என்று முடிந்ததும் சிரித்தேன். அட, நம்ம மேடம் பேரு. எழுபத்திரண்டு வயதில் அந்தப் பெயரைச் சுவரில் தப்பில்லாமல் படித்துவிட்டோமே என்று ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். எழுத்து தெரியாத காலமாக இருந்தால் படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

கருவாட்டுப் பையோடு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தோன்றவே இல்லை. அதில் பாதி அவருக்காக வாங்கியது. வாசலில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மேடத்தின் ஒரே மகன் முரளி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அங்கிள், உங்களுக்கு எத்தனை தடவ போன் பண்ணேன்! சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப்னே வந்துச்சு."

"உப்புத் தண்ணில வுயுந்து செத்துப் பூட்ச்சி தம்பி," என்றேன். சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையை எந்த வீட்டில் சொன்னேன் என்று உறைத்தது.

வியாழக்கிழமை விடிகாலையில் தூக்கத்திலேயே மாரடைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. எழுந்து பக்கவாட்டில் இருந்த கார் ஷெட்டுக்குப் போனேன். வெளிர் நீல அம்பாசிடர் மேல் யாரோ மாலை ஒன்றை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது.

அவரோடு தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த நீங்கள்தான் அந்தச் சுவரொட்டியை ஒட்டியவர்கள். படத்திறப்பு அன்று கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றீர்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். மறுநாள் காலை திரும்பி வந்து, நானே எழுதித் தருகிறேன் என்றேன். உங்களில் ஒருவர் சிரித்தார். பரவாயில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு காலை ஆகிறது. நடுவில் நாலு தடவை எழுந்து தெருமுனை வரை போய் வருகிறேன். "இன்னாய்யா, எய்துறியா இல்ல நடக்குறியா?" என்று என் மனைவி கேட்கிறாள். நீங்கள் எல்லோரும் மேடத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தவர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

நான் மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் படகில் ஏறினால் வாந்தி. மூன்று முறை பார்த்துவிட்டு, 'இவன் கடலுக்கு ஆவ மாட்டான்' என்று என் அப்பா தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். பள்ளிக்கூடம் நடுவில் வரவே இல்லை. அறுபது வருஷம் வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தேன். "வண்டிக்கு அடியில படுக்கத் தெரிஞ்சவருக்கு வண்டிக்குள்ள உக்காரத் தெரியாது," என்று மேடம் சொல்வார். அது முழுக்க உண்மை.

மேடம் ஓய்வு பெற்ற மாதமே, பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் வீட்டில் பல வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற அந்த அம்பாசிடரை அவர் கேட்டு வாங்கினார். பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டயரை உதைத்துப் பார்த்துவிட்டு நான், "எதுக்கு மேடம் இந்தப் பேஜாரு? சின்னதா ஒரு புது வண்டி எடுத்துகினா ஜம்முனு போய்ச் சேரலாமே," என்றேன்.

"போய்ச் சேர்றதுல எனக்கு அவசரம் இல்ல ஏகாம்பரம். போயிட்டே இருக்கணும். அதுக்கு இது போதும்."

மூன்று மாதம் ஆயிற்று அதை உயிர்ப்பிக்க. அந்த மூன்று மாதத்தில் அவர் ஓட்டுநர் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கியரை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, "கூட வாங்க, வழியில நின்னுட்டா யாரு பாக்கறது?" என்று கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டார், திருப்பவில்லை. என் பக்கம் திரும்பி, கவுண்டரில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எங்க போகணும்?"

"எங்கியாவது போங்க மேடம்."

"அப்படி ஒரு ஸ்டேஷன் இல்ல. பேரு சொல்லுங்க."

குன்றத்தூர் என்றேன். அப்போதுதான் சாவியைத் திருப்பினார். அதற்குப் பிறகு எட்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் வண்டி கிளம்பும். ஒருமுறை காரணம் சொன்னார். "முப்பத்து மூணு வருஷம் எல்லாரையும் எங்க போகணும்னு நான் கேட்டேன். என்னை ஒருத்தர்கூடக் கேக்கல. அதனால இப்ப நானே கேட்டு, நானே போறேன்."

பெரும்பாலும் ஒரே சுற்றுதான். மேற்குத் தாம்பரம், முடிச்சூர், மணிமங்கலம், சோமங்கலம், குன்றத்தூர் மலையடிவாரம். திரும்பும்போது அனகாபுத்தூர், பம்மல் வழியாக ஜி.எஸ்.டி. ரோடு. முடிச்சூர் தாண்டும்வரை கடைகளும் அடுக்குமாடிகளும். மணிமங்கலம் ஏரி தெரிந்ததும் மேடம் கதவின் முன்புறம் இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைப்பார். ஏரிக்காற்று நேராகக் கழுத்தில் வந்து விழும். நாற்பதைத் தாண்ட மாட்டார். பள்ளத்தில் இறங்கினால்கூட அந்த வண்டி தூக்கிப் போடாது, யோசித்து யோசித்து இறங்கும். கொக்குகள் கரையில் நின்றபடியே நம்மைத் தலை திருப்பிப் பார்க்க நேரம் இருக்கும். ஒருமுறை பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த தண்ணீர் லாரிக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வண்டிய ஓட்டினு போறியா, தள்ளினு போறியா?"

"முன்னாடி போங்க தம்பி. நாங்க பின்னாடியே வர்றோம்," என்று மேடம் கையை ஆட்டினார்.

சில்லறை இல்லை என்று கத்தியவர்கள், வண்டி போய்விட்டது என்று கண்ணாடியைத் தட்டியவர்கள், அத்தனை பேர் முகமும் அவர் தலைக்குள்ளேயே இருந்ததாம். "இந்த ஏரிக்கரையில ஞாயித்துக்கிழமைக்குப் பத்துப் பேரு இறங்குறாங்க ஏகாம்பரம். இன்னும் நெறைய பேரு உள்ள இருக்காங்க," என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எனக்கோ அந்த நிம்மதி வரவே வராது. அவர் ஏரியைப் பார்ப்பார், நான் எஞ்சினைக் கேட்பேன். ஒரு வண்டி ஓடும்போது மெக்கானிக்கின் காதுக்குப் பத்துப் பதினைந்து சத்தம் தனித்தனியாகக் கேட்கும். அதில் ஒன்று கூடினாலும் எனக்கு உடம்பு கூசும்.

"நிறுத்துங்க மேடம், ஒரு சவுண்டு வருது."

"எனக்குக் குயில் சத்தம்தான் கேக்குது."

"குயிலு இல்ல மேடம், பெல்ட்டு."

நிறுத்துவார். நான் இறங்கி, பானட்டைத் திறந்து, கையை விட்டு ஆட்டிப் பார்த்து, மூடிவிட்டு ஏறுவேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் அவர் டேஷ்போர்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எதையோ எழுதுவார். நான் ஏறியதும் மூடிவிடுவார். என்ன எழுதுகிறார் என்று எனக்குக் குடைச்சல். வேலை சரியில்லை என்று எழுதுகிறாரோ?

"இன்னா மேடம் எய்துறீங்க?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கங்க."

ஆறு வருஷம் இதே பதில். கடைசியில் பொறுக்க முடியாமல்தான் மாநகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கு நடக்கிற மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ஊரில் எல்லோரும் நான் ஏதோ அறிவு தாகத்தில் போனதாக நினைக்கிறார்கள். அந்த நோட்டுக்காகத்தான் போனேன். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "குடுங்க மேடம்," என்று கையை நீட்டினேன். கொடுத்தார். ஏரிக்கரையில் நின்று, அரை மணி நேரம் பிடித்து, ஒரு பக்கம் படித்தேன். இப்படி இருந்தது:

'மணிமங்கலம் ஏரி. தண்ணீர் நிறைய. நாரை வந்திருக்கிறது. ஏகாம்பரம் மூன்று முறை இறங்கினார்.'

அடுத்த வாரம்: 'சோமங்கலம். தூறல். டீ நன்றாக இல்லை. ஏகாம்பரம் ஐந்து முறை இறங்கினார்.'

எல்லாப் பக்கமும் அதேதான். ஆறு வருஷம் நான் எத்தனை முறை இறங்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறார்.

"இதுக்காவா மேடம் நான் ஆனா ஆவன்னா கத்துகினேன்?"

அவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, ஹாரன் அடிபடும் அளவுக்குச் சிரித்தார். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பெயரை எழுத்தில் முதன்முதலாக நானே படித்தது அந்த நோட்டில்தான். ஒரு பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'ஏகாம்பரம் ஒரு முறை இறங்கினார். பிறகு தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. குன்றத்தூரை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.' அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. மழை விட்ட காலை. என் வாழ்க்கையில் ஓடுகிற வண்டியில் நான் தூங்கியது அந்த ஒரு முறைதான்.

இனிமேல் எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று மூன்று நாள் எழுந்து எழுந்து போனேன். எழுதாவிட்டால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும்.

சென்ற கோடையில் ஒருநாள் படப்பை பக்கம் போயிருந்தோம். கடைத்தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது மேடம் பேச்சை நிறுத்தினார். வண்டி மெதுவாக ஓரம் ஒதுங்கி, ஓர் இளநீர்க் குவியலில் முட்டி, குலுங்கி நின்றது. காய்கள் ரோட்டில் உருண்டன. கடைக்கார அம்மா அரிவாளோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா, கண்ணு பொடனிலயா கீது?" என்று ஆரம்பித்தவர், மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஐயோ, வேர்த்துக் கொட்டுதே. யோவ் பெர்சு, பாத்துகினு நிக்கிற, அந்தக் கதவத் தொற!"

அவரே ஒரு இளநீரைச் சீவி மேடத்தின் வாயில் வைத்தார். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருந்தது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. எப்படியோ செய்தி முரளிக்குப் போய், அவன் எனக்குப் போன் செய்தான்.

"அங்கிள், அம்மா நான் சொன்னா கேக்க மாட்டாங்க. வண்டி ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஏதாவது பண்ண முடியுமா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

முடியும் என்று சொன்னேன். பெட்ரோல் எஞ்சினில் நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு குடுவை உண்டு. அதற்குள் கட்டை விரல் அளவில் ஒரு துண்டு சுழலும். ரோட்டர் என்போம். அதை எடுத்துவிட்டால், யார் எவ்வளவு திருப்பினாலும் வண்டி இருமும், பிடிக்காது. திங்கட்கிழமை, வண்டியைத் துடைக்கிற சாக்கில் போய், இரண்டு கிளிப்பைத் தள்ளி மூடியைத் திறந்து, அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அரை நிமிட வேலை. எனக்கு அன்று வந்த பயமும் நிஜம். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பயந்தவன் நேரே சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பவில்லை. "உள்ள ஒரு பார்ட் பூட்ச்சி மேடம். புதுப்பேட்டைல தேடச் சொல்லிக்கீறேன்," என்றேன். அடுத்த ஞாயிறும் அதே. அதற்கடுத்த ஞாயிறும் அதே. ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஆறு மணிக்குக் குளித்து, ஃபிளாஸ்க்கில் டீ போட்டுக்கொண்டு, ஷெட்டில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார். நான் போய் எட்டிப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் உட்கார முடியாது. "ஆணி மேல ஒக்காந்துகினு கீறியா?" என்று மனைவி கேட்டாள். சட்டையை மாற்றினாலும் ரோட்டரை மறக்காமல் எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

எட்டாவது ஞாயிறு, மேடம் என்னைப் போக விடவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க. எங்க போகணும்?"

"மேடம், வண்டிதான்…"

"பேரு சொல்லுங்க."

குன்றத்தூர் என்றேன். அவர் சாவியைத் தொடவில்லை. கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டார். "ரயில் பாலம் ஏறிட்டோம்," என்றார். ஸ்டீயரிங்கைத் திருப்பினார். முடிச்சூரில் வேகத்தடை, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவது. "ஏரி வந்தாச்சு." முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். காற்று வரவில்லை. ஷெட்டின் சுவர்தான் எதிரே. கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு, ஒரு திருப்பம் தவறாமல் ஓட்டிக்கொண்டே போனார். அவ்வளவு அமைதியான வண்டியில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு சத்தமும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

சோமங்கலத்தில் கேட்டார். "என்ன ஏகாம்பரம், இன்னும் இறங்கல? சவுண்டு எதுவும் வரலியா?"

நான் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"ரோட்டர் வீட்டுல இருக்கா, சட்டைப் பையில இருக்கா?"

எடுத்துக் காட்டினேன். இரண்டாவது வாரமே அவர் தானே மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றவருக்கு எது எங்கே இருக்கும் என்று தெரியாதா?

"ஏன் மேடம் அப்பவே கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்." மேலும் சொன்னார். அவர் குரல் உயரவில்லை. "எம்பது வயசுக்காரர் தனியா வந்து ராமேஸ்வரத்துக்கு ஒண்ணு குடும்மான்னு கேப்பார். கை நடுங்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கும். உங்களால முடியாது, போங்கன்னு நான் கண்ணாடிய மூடினேனா? டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்து, பாத்துப் போயிட்டு வாங்க ஐயான்னு சொல்லுவேன். அது வரைக்கும்தான் நமக்கு உரிமை."

நான் இறங்கினேன். பானட்டைத் திறந்து ரோட்டரைப் போட்டேன். கிளப்பியதும் ஷெட் முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. அன்று நாங்கள் போகவில்லை. அவர் எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு கப்பில் டீ ஊற்றினார். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவது, தலை சுற்றினால் உடனே சொல்வது என்று எனக்கு இரண்டு வாக்குக் கொடுத்தார். நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

கடைசி ஞாயிறு மணிமங்கலம் ஏரிக்கரையில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றோம். அவர் இறங்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பிறகு, "இன்னைக்கு நீங்க ஓட்டுங்க ஏகாம்பரம்," என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் சொன்னதே கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து வண்டியை நகர்த்தியதும் பின் ஆக்ஸிலில் ஒரு முனகல் கேட்டது. பக்கத்து சீட்டில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. வழி நெடுக அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு முறை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஏன் மேடம் உங்களால ஓட்ட முடியல என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியின் மூச்சைக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் மூச்சைக் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் கோவளம் போய்விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, முரளி என்னைக் கூப்பிட்டான். "அங்கிள், வண்டி ஸ்டார்ட் ஆகல. நீங்க ஏதாவது…" என்று இழுத்தான். அவன் எதை நினைக்கிறான் என்று புரிந்தது. "நான் தொடல தம்பி," என்றேன். இரண்டு கிளிப்பைத் தள்ளி மூடியைத் திறந்தேன். ரோட்டர் இல்லை.

முரளி டேஷ்போர்டைத் திறந்து நோட்டை எடுத்தான். "படிச்சுக் காட்டட்டுமா?" என்றான். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். கடைசிப் பக்கம். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. ஒவ்வொன்றாக, சத்தமாகப் படித்தேன்.

'மணிமங்கலம் ஏரி. தண்ணீர் பாதி. கண் இருட்டியது. திரும்பும்போது ஏகாம்பரம் ஓட்டினார். இரண்டு முறை இறங்கினார்.'

அதற்குக் கீழே, திங்கட்கிழமை போட்டு: 'ஏகாம்பரம், இந்தத் தடவை ரோட்டரை எடுத்தது நான். நீங்கள் வந்ததும் சொல்லலாம் என்றிருக்கிறேன். மறந்துவிட்டால் தேட வேண்டாம், ஃபிளாஸ்க் மூடிக்குள் இருக்கிறது. இனி நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.'

முரளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "அன்னைக்கு நான்தான் அங்கிள் உங்களச் செய்யச் சொன்னேன்."

"நீ சொன்ன தம்பி. கை என்னுது."

ஃபிளாஸ்க் மூடிக்குள் அது இருந்தது. ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது. போட்டேன். முரளிக்கு அந்த மாதிரிக் கியர் பழக்கமில்லை. அதனால் அவன் இடது பக்கம் ஏறினான், நான் வலது பக்கம். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை.

"எங்க போணும்?"

"எங்கேயாவது போலாம் அங்கிள்."

"அப்பிடி ஒரு ஸ்டேஷன் இல்ல தம்பி. பேரு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். எந்த ஊர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முரளி கொடுத்தான். அதில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் பக்கத்தையும் இப்போது படித்துவிட்டேன். ஏழு பக்கத்தில் 'வண்டி ஓடவில்லை' என்று மட்டும் இருக்கிறது. எட்டாவதில், 'வண்டி ஓடவில்லை. சோமங்கலம் வரை போனோம். ஏகாம்பரம் ஒரு முறை இறங்கினார், நல்ல வேளை' என்று இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த எட்டுப் பக்கங்கள். அவை அவருடைய ஞாயிறுகள். நான் எடுத்தவை. திருப்பிக் கொடுக்க வழி இல்லை.

முரளியோடு போன அன்று சோமங்கலம் தாண்டியதும் பின் சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. முக்கோணக் கண்ணாடி வழியாகக் காற்று கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. காலை எடுத்துவிட்டேன். நாற்பதிலேயே போனேன். சத்தமும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து ஷெட்டில் நிறுத்தியதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் படுத்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அது வீட்டுக்கு வந்த பிறகு, அதனால் நோட்டில் சேராது.

கை துடைத்துக்கொண்டு, அவர் எழுத்துக்குக் கீழே, என் எழுத்தில் எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

'மணிமங்கலம் ஏரி. தண்ணீர் பாதி. முரளி கூட வந்தார். ஏகாம்பரம் இறங்கவில்லை.'